பிரேக் இல்லாத சைக்கிளும் டிரினிடாட் பையனும்

ஒன்று, இரண்டு, மூன்று... நிதானமாக ஒன்பது வரை எண்ணுங்கள். பத்து என்று வாயைத் திறப்பதற்குள் அந்த இளைஞர் இருநூறு மீட்டரைத் தாண்டியிருப்பார். சைக்கிளில்! எஞ்சின் கிடையாது, மோட்டார் கிடையாது. இரண்டு கால், ஒரு செயின், அவ்வளவுதான். 2019 செப்டம்பர் 6 அன்று பொலிவியாவின் கொச்சபாம்பா நகரில், டிரினிடாட் தீவின் நிக்கோலஸ் பால் இருநூறு மீட்டரை 9.100 விநாடியில் மிதித்து முடித்தார். கணக்குப் போட்டால் மணிக்கு 79 கிலோமீட்டர் வருகிறது. நெடுஞ்சாலையில் பேருந்து போகிற வேகம்! உலக சாதனை! அன்றைக்கு அவருக்கு இருபத்தொரு வயது நிறைய இன்னும் பதினாறு நாள் பாக்கி இருந்தது.

போட்டியைப் பார்க்கிற நமக்குக் கிடைப்பது அந்த ஒன்பது விநாடி மட்டும்தான். எனக்கோ அதற்கு முன்னால் உள்ளே என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்ப்பதில்தான் கொள்ளை ஆசை. வாருங்கள், தடத்துக்கு அடியில் போகிற சுரங்கப்பாதையில் குனிந்து நுழைந்து, வெலோட்ரோம் என்கிற சைக்கிள் பந்தய அரங்கின் நடு வயிற்றுக்குள் ஏறிவிடுவோம்.

ஏறியதும் முதலில் திகைப்புதான். நம்மைச் சுற்றி நாலாபுறமும் மரச்சுவர் எழுந்து நிற்கிறது. அது சுவர் இல்லை, அதுதான் ஓடுதளம்! வளைவுகளில் 40 டிகிரிக்கும் மேல் சாய்ந்திருக்கும் மெல்லிய மரப்பட்டிகள். அதில் காலால் ஏறிப் போகப் பார்த்தால் சறுக்கி விழ வேண்டியதுதான். சைக்கிளும் மெதுவாகப் போனால் வழுக்கும். வேகமாகப் போனால்தான் பிடித்துக்கொள்ளும். இந்த விளையாட்டில் பயந்து வேகத்தைக் குறைப்பவர்தான் விழுவார் என்பதை நினைக்க நினைக்க எனக்குச் சிலிர்க்கிறது.

நடுவில் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு சின்ன அடைப்பு. பிளாஸ்டிக் நாற்காலி, ஸ்பேனர் பெட்டி, தண்ணீர் பாட்டில், தலைகீழாகக் கவிழ்த்த ஹெல்மெட். ஒரு மூலையில் மூன்று உருளைகள். அதன்மேல் சைக்கிளை நிறுத்தி, எந்தப் பிடிமானமும் இல்லாமல் மிதித்து உடம்பைச் சூடேற்றுகிறார்கள். சைக்கிள் ஓர் அங்குலம்கூட நகராது, ஆனால் சக்கரம் விர்ரென்று சுற்றும், உருளைகள் வண்டுபோல் ரீங்காரமிடும். ஆள் இறங்கியதும் தொடைமேல் துண்டு விழுகிறது. சூடு ஆறிவிடக் கூடாதாம்! நமக்கு இடுப்பு இருக்கும் அளவுக்கு இவர்களுக்குத் தொடை இருக்கிறது. பனியன்போல் உடம்பைக் கவ்வும் ஒற்றை உடுப்பை இடுப்புவரை கழற்றிவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். பெயர் கூப்பிடுவதற்குக் கொஞ்சம் முன்புதான் ஜிப்பை மேலே இழுப்பார்கள்.

மெக்கானிக்கைக் கவனியுங்கள், அவர்தான் எனக்குப் பிடித்த ஆள். குனிந்து செயினைச் சுண்டுவிரலால் லேசாகத் தூக்கிப் பார்க்கிறார். தொய்வு அதிகமானால் கழன்றுவிடும், இறுக்கம் அதிகமானால் கால்பலத்தைத் தின்றுவிடும். டயரில் காற்றழுத்தம் பார்க்கிறார், மறுபடி பார்க்கிறார். பின்சக்கரத்தில் ஆரக்கால்களே கிடையாது, முழுத் தட்டு. ஆரக்கால் காற்றைக் கடையும் அல்லவா? அந்த நஷ்டம்கூட ஆகாது. நடுவர்கள் சைக்கிளைத் தராசில் ஏற்றுவார்கள். 6.8 கிலோவுக்குக் கீழே போனால் ஓட்ட அனுமதி இல்லை. சமையல் எரிவாயு சிலிண்டரில் பாதிகூட இல்லாத எடை! அதன்மேல் உட்கார்ந்துதான் அந்தப் பேருந்து வேகம்.

அந்தச் சைக்கிளில் பிரேக் கிடையாது. நீங்கள் படித்தது சரிதான், பிரேக்கே கிடையாது! கியர் மாற்றவும் முடியாது, ஒரே ஒரு கியர். நம் சைக்கிளில் மிதிப்பதை நிறுத்தினால் டிக்டிக்டிக் என்று சத்தம் போட்டுக்கொண்டே சக்கரம் தன்பாட்டில் ஓடுமே, அந்த ஃப்ரீவீல் இதில் இல்லை. சக்கரம் சுற்றுகிறவரை பெடலும் சுற்றும், பெடலோடு மாட்டியிருக்கும் காலும் சுற்றியே ஆக வேண்டும். நிறுத்துவது உங்கள் இஷ்டம் இல்லை, சைக்கிளின் இஷ்டம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

இப்போது அந்த 9.100க்கு வருவோம். 250 மீட்டர் தடத்தில் வீரர் மொத்தம் மூன்றரைச் சுற்று ஓட்டுவார். கடிகாரம் ஓடுவது கடைசி இருநூறு மீட்டருக்கு மட்டும். முதல் சுற்றுகளில் அவர் உச்சியில், வேலியை ஒட்டி, மாலையில் காற்றுவாங்கப் புறப்பட்டவர்போல் ஊர்ந்துகொண்டிருப்பார். அந்த இடம் தரையிலிருந்து ஒன்றரை மாடி உயரம் இருக்கும். அந்த உயரம்தான் அவருடைய சேமிப்பு! மெல்ல மெல்ல மிதி கூடும். கடைசி மணி அடிப்பதற்குச் சற்று முன்னால் இருக்கையைவிட்டு எழுந்து, முழுப் பலத்தையும் பெடலில் இறக்குவார். பிறகு வேலியோரத்திலிருந்து வளைவுக்குள் ஒரே பாய்ச்சல். சேர்த்துவைத்த உயரம் மொத்தமும் வேகமாக மாறுகிறது. இருநூறு மீட்டர்க் கோட்டைத் தொடும்போது உச்ச வேகத்தில் இருக்க வேண்டும், ஒரு விநாடி முந்தியும் கூடாது, பிந்தியும் கூடாது.

அங்கிருந்து கறுப்புக் கோடு. தடத்தின் உள்விளிம்பிலிருந்து 20 சென்டிமீட்டர் தள்ளிப் போட்ட மெல்லிய கோடு அது. அதுதான் அளந்த தூரம். அதைவிட்டு வெளியே ஒதுங்கினால் இருநூறு மீட்டருக்கு மேல் ஓட்டுகிறீர்கள் என்று அர்த்தம். வளைவில் உடம்பின் எடை இரண்டு மடங்குக்கு மேலாகிக் கீழே அமுக்கும், கழுத்து தாழும், கை நடுங்கும். அந்த அமுக்கலில் கோட்டைப் பிடித்துக்கொண்டு ஏறக்குறைய இருபது, இருபத்திரண்டு மிதி. அத்தோடு முடிந்தது!

கொச்சபாம்பா கடல்மட்டத்திலிருந்து 2,500 மீட்டருக்கும் மேலே இருக்கிற ஊர். அங்கே காற்று ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் மெலிந்திருக்கிறது. அந்த வேகத்தில் ஒரு வீரருடைய பலத்தில் பெரும்பகுதி காற்றைப் பிளக்கவே செலவாவதால், மெல்லிய காற்று பெரிய வரம். மூச்சு வாங்குமே என்றால், மூச்சு வாங்கத் தொடங்குவதற்குள் ஓட்டமே முடிந்துவிடுகிறது. அப்படியானால் சாதனை மலையுடையதா, அவருடையதா என்று கேட்பவர்களுக்கு நான் ஒரு கணக்குச் சொல்வேன். அதற்கு முந்தைய சாதனை பிரான்சின் பிரான்ஸ்வா பெர்விஸ் 2013ல் மெக்சிகோவில் வைத்த 9.347. அதுவும் மலைநகரம்தான். இரண்டுக்கும் வித்தியாசம் 0.247 விநாடி. கண்ணிமைக்கும் நேரம். ஆனால் நிக்கோலஸ் போன வேகத்தில் அந்த இமைப்பொழுதில் ஐந்தரை மீட்டர் போகலாம். இரண்டு பேரையும் ஒரே தடத்தில் விட்டிருந்தால், நிக்கோலஸ் கோட்டைத் தொடும்போது பழைய சாதனையாளர் மூன்று சைக்கிள் நீளம் பின்னால் வந்துகொண்டிருப்பார். விநாடியின் நூறில் ஒரு பங்குக்குச் சண்டை போடுகிற விளையாட்டில் மூன்று சைக்கிள் நீளம்!

இந்தப் பையன் எங்கிருந்து வந்தார்?

டிரினிடாட் தீவின் தெற்குப் பக்கத்தில் காஸ்பரில்லோ என்று ஒரு சிற்றூர். பக்கத்திலேயே பாயின்ட்-அ-பியேர் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை. பல தலைமுறைகளுக்குச் சோறு போட்டு, 2018 இறுதியில் மூடப்பட்ட ஆலை அது. அதன் அருகே குவாரகாரா பூங்கா. அந்தப் பூங்காவில்தான் புகழ்பெற்ற தெற்கு விளையாட்டுப் போட்டிகள் நடந்தன. ஓட்டப்பந்தயமும் சைக்கிள் பந்தயமும் ஒரே மைதானத்தில், வெளிநாட்டு வீரர்களும் வந்து கலந்துகொள்ள, ஊரே திரண்டு நிற்கும் திருவிழா. கரீபியன் தீவுகளில் சைக்கிள் பந்தயம் புல்தரையிலும் நடந்திருக்கிறது. கிரிக்கெட் ஆடுகிற புல்வெளியில் சுண்ணாம்புக் கோடு போட்டு, அதில் சைக்கிள்! பிறகு அரிமா நகரத்துத் திறந்தவெளி கான்கிரீட் தடம். மழை வந்தால் போட்டி நின்றுவிடும். வெயில், மழை, புல், கான்கிரீட் எல்லாவற்றையும் பார்த்து வளர்ந்த சைக்கிள் மரபு அது.

கூரை போட்ட மரத்தளம் அந்தத் தீவுக்குக் கிடைத்தது 2010களின் நடுவில்தான். ஒரு காலத்தில் கரும்புக்காடாக இருந்த கூவா வட்டாரத்தில் தேசியச் சைக்கிள் மையம் எழும்பியது. 250 மீட்டர், உலகத் தரம். 2017ல் அமெரிக்கக் கண்டங்களின் தடச் சைக்கிள் சாம்பியன் போட்டியே அங்கே நடந்தது. மொத்தம் பதினான்கு லட்சம் பேர் வாழும் நாட்டுக்கு இது எவ்வளவு பெரிய காரியம்! நிக்கோலஸின் தலைமுறைக்கு மட்டும் வாய்த்த பாக்கியம் என்று நான் நினைக்கிறேன். முன்னோர்கள் வெளிநாடு போய்த்தான் மரத்தளத்தையே தொட்டுப் பார்த்தார்கள்.

ஆனாலும் வீட்டில் இருந்துகொண்டே உலகத்தை வெல்ல முடியாது. எதிரே நிற்பது ஆளுக்கொரு விஞ்ஞானி, ஆளுக்கொரு காற்றுச்சுரங்கம் என்று வைத்திருக்கும் பணக்கார நாடுகள். நிக்கோலஸ் போய்ச் சேர்ந்த இடம் சுவிட்சர்லாந்தின் ஏகிள். ஆல்ப்ஸ் அடிவாரத்தில், திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு சின்ன ஊர். உலகச் சைக்கிள் சம்மேளனத்தின் தலைமையகமும், வசதி இல்லாத நாடுகளின் வீரர்களைத் தங்கவைத்துப் பழக்கும் உலக மையமும் அங்கேதான். 2000 சிட்னி ஒலிம்பிக்கில் வெள்ளி வாங்கிய ஸ்காட்லாந்துக்காரர் கிரெய்க் மக்லீன் அங்கே பயிற்சியாளராக இருந்தார். இன்னொரு சுவாரசியம்: ஏகிளின் தடம் 250 மீட்டர் அல்ல, 200 மீட்டர்தான். தடம் சின்னதென்றால் வளைவு அடிக்கடி வரும், நேர்கோட்டில் நிமிர்ந்து இளைப்பாற இடமே இருக்காது. அதில் பழகியவருக்கு 250 மீட்டர் தடம் விசாலமான வீதிபோலத் தோன்றாதா என்ன!

குறுந்தூரப் பந்தயமான ஸ்பிரிண்டுக்குப் பயிற்சி எடுப்பதன் ரகசியம் ஒன்று சொல்லவா? அதில் பெரும்பகுதி சும்மா உட்கார்ந்திருப்பது! ஒரு முழுவேகப் பாய்ச்சல், சில விநாடிகள். பிறகு இருபது நிமிடம் நாற்காலி. மறுபடி ஒரு பாய்ச்சல். மறுபடி நாற்காலி. ஒரு பயிற்சி நேரத்தில் தேறுவது கைவிரல் எண்ணிக்கையில் அடங்கும் பாய்ச்சல்கள்தான். தசை முழுதாக ஆறாமல் மிதித்தால் கற்றுக்கொள்வது மெதுவாக மிதிப்பதைத்தான். மற்ற நாட்களில் இரும்பு: தோளில் பாரத்தைத் தாங்கி உட்கார்ந்து எழுவது. ஓடியாடி வியர்ப்பதுதான் பயிற்சி என்று நினைத்திருந்த எனக்கு, பொறுமையாக உட்கார்ந்திருப்பதற்கும் இவ்வளவு ஒழுக்கம் வேண்டும் என்பது பெரிய ஆச்சரியம். வெயில் தீவில் வளர்ந்த பையன், வெளியே பனி கொட்டும் ஊரில், அடுத்த பாய்ச்சலுக்காகக் காத்துக்கொண்டிருக்கும் அந்த இருபது நிமிடங்களை நினைத்துப் பாருங்கள்.

சொல்லாமல் விடக்கூடாத இன்னொரு கதை இருக்கிறது. நான்காம் இடத்தின் கதை.

1966ல் ஜமைக்காவின் கிங்ஸ்டனில் நடந்த காமன்வெல்த் போட்டியில் டிரினிடாட்டின் ரோஜர் கிப்பன் ஸ்பிரிண்டிலும் ஆயிரம் மீட்டரிலும் தங்கம் வாங்கினார். அடுத்த ஆண்டு வினிபெக்கில் அமெரிக்கக் கண்டங்களின் விளையாட்டிலும் அதே இரண்டு தங்கம்! அதற்குப் பிறகு தீவு காத்திருந்தது. 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் ஜீன் சாமுவேல் ஆயிரம் மீட்டரில் நான்காம் இடம். பதக்க மேடைக்கு ஒரு படி கீழே. அவர் விடவில்லை, 1991 உலகச் சாம்பியன் போட்டியில் அதே பந்தயத்தில் வெண்கலம் வாங்கிவிட்டுத்தான் ஓய்ந்தார். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் இருபத்தொரு வயது நிஜான் பிலிப் ஸ்பிரிண்டில் அரையிறுதி வரை போனார். வெண்கலத்துக்கான போட்டியில் ஆஸ்திரேலியாவின் ஷேன் பெர்கின்ஸிடம் தோற்றார். மறுபடி நான்காம் இடம். நான்காம் இடத்துக்கு மேடையும் இல்லை, கீதமும் இல்லை. சைக்கிளில் கரீபியன் ஒலிம்பிக் பதக்கமே இல்லையா என்றால், இருக்கிறது: 1980 மாஸ்கோவில் ஜமைக்காவின் டேவிட் வெல்லர் ஆயிரம் மீட்டரில் வாங்கிய வெண்கலம். ஓட்டப்பந்தய நாடான ஜமைக்கா தடகளத்துக்கு வெளியே வாங்கிய ஒரே ஒலிம்பிக் பதக்கம் அதுதான்!

நிக்கோலஸுக்கும் ஒலிம்பிக் இன்னும் கனியவில்லை. டோக்கியோவில் ஸ்பிரிண்டில் ஆறாம் இடம். ஆனால் அதே 2021 அக்டோபரில், பிரான்சின் ரூபே நகரில் நடந்த உலகச் சாம்பியன் போட்டியில் ஆயிரம் மீட்டரில் வெள்ளி. ஜீன் சாமுவேல் வெண்கலம் வாங்கிய அதே பந்தயம், சரியாக முப்பது ஆண்டு கழித்து!

9.100 என்ன ஆயிற்று? கிட்டத்தட்ட ஐந்து ஆண்டு யாராலும் அசைக்க முடியவில்லை. 2024 ஆகஸ்டில் பாரிஸ் ஒலிம்பிக்கின் ஸ்பிரிண்ட் தகுதிச்சுற்றில் ஆஸ்திரேலியாவுக்காக ஓட்டிய மேத்யூ ரிச்சர்ட்சன் 9.091 என்று உடைத்தார். அந்தச் சந்தோஷம் அடங்குவதற்குள் நெதர்லாந்தின் ஹாரி லாவ்ரைசன் வந்து 9.088 என்று எழுதினார். 9.100க்கும் 9.088க்கும் இடையே தூரம் எவ்வளவு தெரியுமா? அந்த வேகத்தில் 26 சென்டிமீட்டர். ஒரு சாணுக்குக் கொஞ்சம் மேல்! ஐந்து ஆண்டு, எத்தனை காற்றுச்சுரங்கம், எத்தனை கோடி, எல்லாம் அந்த ஒரு சாணுக்காக. 2025ல் துருக்கியின் கொன்யாவில், பிரிட்டனுக்கு மாறிவிட்ட ரிச்சர்ட்சன் 8.941 ஓட்டி ஒன்பது விநாடிச் சுவரையே தாண்டிவிட்டார். பட்டியலில் பெயர் கீழே இறங்கலாம். ஆனால் உலகமே ஒரு தீவுக்காரரின் பின்சக்கரத்தைத் துரத்திக்கொண்டிருந்த அந்த ஐந்து ஆண்டை யாரும் திருப்பி வாங்க முடியாது.

கடைசியாக நான் உங்களைக் கூட்டிப்போக விரும்பும் இடம் லண்டன். 2022 ஜூலை 30, லீ வேலி வெலோட்ரோம். போட்டி பர்மிங்காம் காமன்வெல்த் விளையாட்டு, ஆனால் தடச் சைக்கிள் பந்தயங்கள் மட்டும் லண்டனில். 2012 ஒலிம்பிக்குக்காகக் கட்டிய அரங்கம் அது. 56 கிலோமீட்டர் நீளத்துக்குச் சைபீரியப் பைன் மரப்பட்டிகள், அவற்றைப் பிடித்துக்கொண்டிருக்கும் 3,50,000 ஆணிகள். அத்தனையும் தச்சர்கள் கையால் அடித்தவை! ஒலிம்பிக்கின்போது உள்ளே வெப்பத்தை 28 டிகிரிக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள், காற்று சூடானால் மெலியும், சைக்கிள் இன்னும் விரையும் என்பதற்காக. லண்டன்காரர்கள் பாடுபட்டு உண்டாக்கிய அந்தச் சூடு, காஸ்பரில்லோ பையனுக்குத் தினசரி வெயில். பத்து ஆண்டுக்கு முன் நிஜான் பிலிப் நான்காம் இடத்தோடு இறங்கிப் போனதும் இதே பலகைகளிலிருந்துதான்.

அன்றைய பந்தயம் கெய்ரின். ஜப்பான் உலகத்துக்குக் கொடுத்த விளையாட்டு. முன்னால் ஒரு சின்ன மோட்டார் வண்டி போகும், பெயர் டெர்னி. யார் எந்த இடத்தில் நிற்பது என்பது சீட்டுக் குலுக்கலில் முடிவாகும். வீரர்கள் வாத்துக்குஞ்சுகள்போல் வரிசையாக டெர்னியின் பின்னால். 30 கிலோமீட்டரில் தொடங்கி 50 வரை வேகத்தை ஏற்றிவிட்டு, மூன்று சுற்று மிச்சமிருக்கும்போது டெர்னி ஒதுங்கிவிடும். அவ்வளவுதான், கூடு கலைந்த தேனீக்கள்! முழங்கை முழங்கையோடு உரசும். கீழே இடம் இல்லை, மேலே போனால் தூரம் அதிகம். முன்னால் போனால் காற்று உங்களுக்கு, பின்னால் இருந்தால் வழி அடைபடும். இத்தனைக்கும் நடுவில், பிரேக் கிடையாது!

கடைசி மணி அடித்ததும் எனக்கு உட்கார முடியாது. பதிவை எத்தனை முறை பார்த்தாலும் அதே படபடப்பு, முடிவு தெரிந்திருந்தும் எழுந்து நின்றுவிடுகிறேன். நிக்கோலஸ் பால் முதலில் கோட்டைத் தாண்டுகிறார். ஸ்காட்லாந்தின் ஜாக் கார்லின் இரண்டாவது, மலேசியாவின் ஷா ஃபிர்தௌஸ் சஹ்ரோம் மூன்றாவது. 1966 கிங்ஸ்டனுக்குப் பிறகு டிரினிடாட்டுக்குச் சைக்கிளில் முதல் காமன்வெல்த் தங்கம்! அடுத்தடுத்து ஸ்பிரிண்டில் வெள்ளி, ஆயிரம் மீட்டரில் வெண்கலம். மூன்று நிறமும் ஒரே ஆளின் கழுத்தில்.

மெடல் எல்லாம் அப்புறம். கோட்டைத் தாண்டிய அந்த நொடிக்குத் திரும்பிப் போவோம். வென்றாயிற்று, கத்தலாம், கையை உயர்த்தலாம். ஆனால் நிற்க முடியாது, நினைவிருக்கிறதா? சைக்கிள் அதே வேகத்தில் அடுத்த வளைவுக்குள் பாய்கிறது. தீர்ந்துபோன கால்களைப் பெடல் விடாமல் இழுத்துச் சுற்றுகிறது. அந்த மரச்சுவரில் மேலே ஏறி, கீழே இறங்கி, ஒரு சுற்று, இன்னொரு சுற்று என்று, சைக்கிளாகப் பார்த்து விடுகிறவரை அவர் மிதித்துக்கொண்டே இருக்கிறார்.